பகல் வெளிச்சம் கட்டாயம்

சாய்ந்தமருதில் இரவு ஒன்றரை மணிக்கு டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் ஜவுபர்தான். மேலே வெள்ளைச் சட்டை, நீல டை. கீழே சாறன். சாறன் கெமராவுக்குத் தெரியாது என்பதை எழுந்தும் இருந்தும் நான்கு தடவை சரிபார்த்திருந்தார். ஐந்தாவது தடவை எழுந்தபோது பெண்சாதி ஆகிலா அறைக்குள்ளிருந்து, “இஞ்சருங்க, தொழுறீங்களா, வேலைக்கு ஆயத்தமாகுறீங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ஜவுபர் ஒன்பது வருடம் டோஹாவில் ஒரு கப்பல் கம்பனியில் ஆவண எழுத்தராக இருந்தவர். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார். ஜவுபரும் போனார். ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் அவர் அந்த வீட்டில் இருந்தது மொத்தம் பதினொரு மாதம். ஏழு வயது மகள் ஸுஹைறா அவரைப் ‘போன் வாப்பா’ என்றுதான் கூப்பிட்டாள். இந்த முறை லீவில் வந்து வாசலில் பெட்டியை வைத்தபோது, “போன் வாப்பா வந்திரிக்காரு, உள்ளுக்கு விடவா?” என்று தாயிடம் கேட்டாள். அன்றைக்கே மனுசன் முடிவெடுத்துவிட்டார், திரும்பிப் போவதில்லை என்று.

முடிவெடுத்தால் போதுமா? கட்டார் விசா நவம்பர் முப்பதாந் தேதியோடு முடியும். அதற்குள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையொன்று கிடைத்தால் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இருபத்தொன்பதாந் தேதி விமானம், பிறகு இன்னும் இரண்டு வருடம்.

வேலை ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறிம்பிள்டன் என்றொரு கம்பனி, உலகம் முழுக்கப் பெட்டி அனுப்புகிற கம்பனி. அவர்களுக்குக் ‘கிழக்கு நேர ஒருங்கிணைப்பாளர்’ ஒருவர் தேவைப்பட்டார். மேற்கில் உள்ள அதிகாரிகளும் கிழக்கில் உள்ள ஊழியர்களும் எந்த நேரத்தில் கூட்டம் வைப்பது என்று குறித்துக் கொடுக்கிற வேலை. ஜவுபர் விண்ணப்பித்தார். நான்கு சுற்று நேர்முகப் பரீட்சை என்று பதில் வந்தது. கூடவே ‘நேர நாகரிகக் கையேடு’ என்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஒன்றும் வந்தது. அட்டையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

ஜவுபர் அதை வரி விடாமல் படித்தார். நாற்பது விதிகள். கூட்டத்தின் நேரம் அதைக் கூட்டுபவரின் பகலாக இருக்க வேண்டும், அழைக்கப்பட்டவர்கள் மகிழ்ச்சியுடன் தங்களை மாற்றிக்கொள்வார்கள் என்றது மூன்றாம் விதி. வணக்கமும் கூட்டுபவரின் நேரத்துக்குரியதாகவே இருக்க வேண்டும் என்றது ஏழு. கொட்டாவி என்பது வாயைத் திறந்து சொல்லாத முறைப்பாடு, ஒன்றுக்கு இரண்டு புள்ளி குறையும் என்றது பன்னிரண்டு. நேரம் என்னவென்று குறிப்பிடுவது அநாகரிகம் என்றது பத்தொன்பது. சொந்த விவகாரங்களை யாரும் எழுப்பவும் கூடாது, கேட்கவும் கூடாது என்றது இருபத்தாறு. கடைசிப் பக்கத்தில் கையேட்டை ஆக்கியவரின் கையொப்பம் இருந்தது: கிறெக், துணைத் தலைவர், விண்ணப்பதாரி மாண்புப் பிரிவு.

முதற் சுற்றுக்கு வந்தவர் அந்தப் பிரிவின் மேலாளர் மெலனி. இருபத்தைந்து நிமிடம் பிந்தி, கையில் ஒரு கோப்பை இலை தழையோடு வந்தார். அவர் பேசியது ஆங்கிலம். நாம் தமிழில் கேட்போம்.

“உங்கள் நேரத்தை நாங்கள் மதிக்கிறோம். அதனால்தான் எனது மதிய உணவு வேளையையே உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். வேறு கம்பனிகளில் இந்தத் தியாகத்தை எதிர்பார்க்க முடியாது. நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், அதை உங்கள் கோவையில் பதிந்துகொள்வோம்.”

ஜவுபருக்கு ஆட்சேபனை இருக்கவில்லை. நடுச்சாமம் தாண்டி ஒன்று ஐம்பத்தைந்துக்கு “மதிய வணக்கம்” என்றார்.

இரண்டு கேள்வி முடிந்ததும் மெலனி காதைக் கொடுத்தார். அது என்ன சத்தம் என்று கேட்டார். கடல் என்றார் ஜவுபர். மெலனியின் முகம் இளகியது. தங்கள் ஊழியர்களின் மன அமைதிக்காக இதே சத்தத்தைக் கம்பனி மாதாமாதம் விலை கொடுத்து வாங்குவதாகவும், லெப்டொப்பைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடிக்க முடியுமா என்றும் கேட்டார். ஜவுபர் இரண்டு கையாலும் தூக்கிப் பத்து நிமிடம் பிடித்தார். மெலனி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போய்விட்டது, மிகவும் பயனுள்ள உரையாடல் என்று சொல்லிப் போய்விட்டார்.

“என்ன கேட்டாங்க?” என்றாள் ஆகிலா விடிந்ததும்.

“கடலத்தான்” என்றார் ஜவுபர், தோளைத் தேய்த்துக்கொண்டு.

இரண்டாம் சுற்றுக்குக் கிறெக்கே வந்தார். பளிச்சென்ற சட்டை, பின்னால் பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய வெயில். ஜவுபரைப் பார்த்த உடனேயே நெஞ்சில் கைவைத்தார்.

“உங்களுக்குப் பின்னால் ஜன்னல் கறுப்பாக இருக்கிறது. நான் ஒளிவு மறைவின்றிப் பேசுகிறவன். எனக்கும் இதயம் இருக்கிறது. ஒரு மனிதர் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் தாங்க முடியாது. ஆகவே அதை நான் பார்க்காமல் இருப்பதற்கு நீங்கள் ஒத்துழைக்க வேண்டும். விதி முப்பத்தொன்று: பகல் வெளிச்சம் கட்டாயம்.”

டியூப் லைட் எரிகிறது என்று ஜவுபர் பணிவாகச் சொன்னார். டியூப் லைட் என்பது இரவின் சாட்சி என்றார் கிறெக். நான்கு புள்ளி குறைந்தது.

மூன்றாம் சுற்று நவம்பர் மூன்றாந் தேதி. வழக்கம்போல ஒன்றரைக்கு ஜவுபர் தயார். திரையில் ‘புன்னகையுடன் காத்திருங்கள்’ என்று வந்தது. கெமரா பார்த்துக்கொண்டே இருக்கும் என்று கையேட்டில் போட்டிருந்ததால் அவர் புன்னகையை இறக்கவில்லை. ஒரு மணித்தியாலம் இறக்கவில்லை. தாடை மரத்துப் போன நேரத்தில் மெலனி வந்தார்.

“ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருக்கிறீர்கள். இது குழுவினர் மீது நெருக்குதல் கொடுப்பதாகும்.”

விஷயம் என்னவென்றால், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கள் நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். வருடாவருடம் செய்வார்களாம். சாய்ந்தமருதுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. “உங்கள் நாட்டில் ஏன் இன்னும் மாற்றவில்லை?” என்று மெலனி உண்மையான அக்கறையோடு கேட்டார். ஜவுபர் தன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்லை. ஒவ்வொரு கலாசாரத்துக்கும் அதற்கேற்ற வேகம் உண்டு” என்றார் மெலனி.

அந்த இடத்தில் ஜவுபருக்கு ஒரு கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அப்படியே விழுங்கினார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. ‘உணர்ச்சிவசப்பட்டார், நல்ல அறிகுறி’ என்று மெலனி எழுதிக்கொண்டது திரையின் ஓரத்தில் தெரிந்தது.

கடைசிச் சுற்று நவம்பர் இருபத்தாறு, இரவு இரண்டரை. இதில் தேறினால் வீடு, தவறினால் மூன்றாம் நாள் விமானம். வெளிச்சத்தில் புள்ளி இழக்க ஜவுபர் தயாராக இல்லை. கல்யாண வீடியோ எடுக்கிற றிஸ்வானிடம் போய், மணவறைக்குப் பிடிக்கிற பெரிய லைட் மூன்றை இரவல் வாங்கி வந்தார். ஒன்றை முகத்துக்கு, ஒன்றை முதுகுக்கு, மூன்றாவதை ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில், வெயில் அடிக்கிற மாதிரி. இரண்டு மணிக்குப் போட்டுப் பார்த்தார். மதிலில் தூங்கிய காகம் எழுந்து கத்தியது. ஹோலுக்குள் சூடு தாங்காமல் ஆகிலா கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டாள். வெளிச்சம் ஒழுங்கையைத் தாண்டிப் பள்ளிவாசல் மூலை வரைக்கும் போனது.

இங்கேதான் ஜவுபர் ஒன்றை மறந்துவிட்டார். ஒன்பது வருடம் ஊரில் இல்லாதவர், மறப்பார்தானே. எங்கள் ஊரில் நடுச்சாமத்தில் ஒரு வீடு முழுக்க வெளிச்சமாகி வாசல் திறந்து கிடந்தால் அதற்குக் காரணம் ஒன்றுதான். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். போதாக்குறைக்கு ஆகிலாவின் உம்மா நாச்சியா, சீனி வருத்தக்காரி, போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

இரண்டரைக்குத் திரை விழித்தது. கிறெக், மெலனி, சட்டப் பிரிவிலிருந்து ஒரு கண்ணாடிப் பெண்மணி. மூவரும் வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஜவுபர் “மதிய வணக்கம்” என்றார். கெமராவை விட்டுக் கண்ணை எடுத்தால் புள்ளி போகும். ஆகவே தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவர் திரையின் மூலையில் இருந்த தன் சின்னப் படத்தில்தான் பார்த்தார்.

முதலில் பக்கத்து வீட்டு மக்கீன் மெல்ல வந்து சுவரோரம் நின்றார். பிறகு நான்கு பேர். பிறகு ஒழுங்கையில் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம். நல்லடக்க வேலை பார்க்கிற ஜனாஸாக் குழுவின் தலைவர் றஊப் ஹாஜியார் பிளாஸ்டிக் கதிரைகளோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு சனம் சத்தமில்லாமல் வந்து வரிசையாக இருந்தது. வீட்டுக்காரர் டை கட்டிக்கொண்டு லெப்டொப்பில் ஆங்கிலம் கதைப்பதைப் பார்த்தவர்கள், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அறிவிக்கிறார் என்று நினைத்தார்கள். பாவம், அதைக் குழப்பக் கூடாது என்று இருமலைக்கூட அடக்கினார்கள். இரண்டு பேர் மையத்தைச் சுமக்கிற சந்தூக்குப் பெட்டியைக் கொண்டுவந்து, சரியாக ஜவுபரின் தலைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஒரு மூலையில் யாரோ மெதுவாக யாஸீன் ஓதத் தொடங்கினார்.

கிறெக் பேச்சை நிறுத்தினார். ஒலியை மூடிவிட்டு மூவரும் கொஞ்ச நேரம் வாயசைத்தார்கள். கண்ணாடிப் பெண்மணி கையேட்டைப் புரட்டிக் காட்டினார். ஒலி திரும்பி வந்தது.

“உங்கள் வீட்டில் ஏதோ… விதி இருபத்தாறின்படி அதை நான் கேட்கக் கூடாது. நாம் கேள்வி பதினேழுக்குப் போவோம். அழுத்தமான ஒரு சூழ்நிலையில் நீங்கள் வேலை செய்ததற்கு உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.”

ஜவுபருக்கு முதுகெல்லாம் வியர்த்து ஓடியது. திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொன்னால் போதும், சனம் எழுந்து போய்விடும். அந்த ஒரு சொல்லோடு வேலையும் போய்விடும். மகள் வாசலில் நின்று கேட்டது ஞாபகம் வந்தது. டோஹா துறைமுகத்தில் மூன்று கொள்கலன் மாறிப்போன கதையைச் சிரித்த முகத்தோடு சொல்லி முடித்தார். மூன்று ஏழுக்குத் திரை அணைந்தது.

றஊப் ஹாஜியார் எழுந்து வந்து அவருடைய தோளில் கைவைத்தார். “தம்பி, சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க. எல்லாருக்கும் அறிவிச்சி முடிஞ்சா? அடக்கம் எத்தின மணிக்கி?”

ஜவுபர் வாயைத் திறப்பதற்குள் உள்ளறைத் திரைச்சீலை விலகியது. நாச்சியா மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். “மருமகன், இவ்வளவு ஆக்கள் வந்திரிக்காங்க, எழுப்பப்படாதா? தேத்தண்ணி ஊத்தட்டா?”

ஓதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மாமி சந்தூக்கைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் மனுசி பயப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார், வாசலில் நின்ற பெண்களையும் பார்த்தார்.

“எங்க சுல்பிகா? நாலு ஊடு தள்ளி இரிக்கா, என்ட சாச்சிட மகள். அவ வரல்லயா?”

வரவில்லைதான். அன்றிலிருந்து மாமி சுல்பிகாவோடு கதைப்பதில்லை.

ஜவுபர் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னார், கையேட்டையும் காட்டினார். றஊப் ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உத்தியோகத்துக்கா? நாங்க ஒரு மையத்துக்குத்தான் இந்த நேரத்தில எழும்புவம். ஒருத்தனுக்கு உத்தியோகம் குடுக்கவா எழுப்புறானுகள்? அங்க இப்ப என்ன நேரம்?”

“பகல் ஒன்றரையாகுது ஹாஜி.”

“நல்ல வெயிலா இரிக்கும்.” ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “தம்பி, உனக்கு இந்த வேல கிடைக்கோணும். கிடைச்சா ஒரு நாளைக்கி அவனையும் எழுப்பு. எழுப்பினா எனக்கிட்ட செல்லு, நான் வந்து பாக்கணும்.”

கடிதம் இருபத்தெட்டாந் தேதி மின்னஞ்சலில் வந்தது. கிறெக் தானே எழுதியிருந்தார்.

‘பன்னிரண்டு வருடங்களாக இப்பிரிவை நடத்துகிறேன். வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்து, சவப்பெட்டி பின்னால் இருக்க, துக்கம் கொண்டாட வந்தோர் சூழ்ந்திருக்க, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கேள்வி பதினேழுக்குப் பதிலளித்த முதல் விண்ணப்பதாரி நீங்கள்தான். இத்தகைய அர்ப்பணிப்பையே இத்தனை காலமும் தேடிக்கொண்டிருந்தோம். இறந்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை; உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம். ஆழ்ந்த அனுதாபங்கள். நல்லடக்கம் முதலியவற்றை வேலை தொடங்கும் திகதிக்கு முன்னர் முடித்துக்கொள்ளவும். நல்வரவு.’

ஜவுபர் அதை இரண்டாம் முறையும் படித்தார். தன் மாமியின் மையத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கொள்கலன் கதை சொல்லிச் சிரித்த மனுசன் என்று தன்னை நினைத்திருக்கிறார்கள். நினைத்ததோடு விடாமல் அதற்காகவே வேலையும் தந்திருக்கிறார்கள். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

“உம்மா உசிரோட இரிக்கா எண்டு எழுதுங்க. பொய்க்கி வந்த வேல நமக்கு வேணா” என்றாள் ஆகிலா.

எழுதினார். யாரும் இறக்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்து ஊர் வந்துவிட்டது, என் மாமி நலமாக இருக்கிறார் என்று தெளிவாக எழுதினார். ஒரு மணித்தியாலத்தில் மெலனியிடமிருந்து பதில் வந்தது. மரணத்தை ஏற்க மறுப்பது துக்கத்தின் இயல்பான முதற்கட்டம், தயவுசெய்து இணைப்பில் உள்ள துண்டுப்பிரசுரத்தை வாசிக்கவும் என்றிருந்தது. ஆகிலா அதைக் கேட்டுவிட்டு, “அப்ப சரி, நாம செல்லிட்டம்” என்றாள். விமானம் ஜவுபர் இல்லாமல் போனது. ஒரு கிழமையில் ஸுஹைறா வெறும் ‘வாப்பா’ என்று கூப்பிடத் தொடங்கினாள்.

இனித்தான் கதை. டிசம்பரில் வேலையில் சேர்ந்த ஜவுபருக்கு முதலாவதாகக் கிடைத்த பொறுப்பு, விண்ணப்பதாரி மாண்புப் பிரிவின் காலாண்டு மீளாய்வுக் கூட்டத்தைக் கூட்டுவது. நியமனக் கடிதத்திலேயே இருந்தது: ‘கூட்டத்தைக் கூட்டுபவர், கிழக்கு நேர ஒருங்கிணைப்பாளர்.’ கம்பனியில் நாலாயிரம் பேர். அந்தக் கையேட்டை முழுதாகப் படித்தவர் ஜவுபர் ஒருவர்தான், அதுவும் ஒன்பது தடவை, எல்லாம் நடுச்சாமத்தில். அவர் மூன்றாம் விதியைத் திறந்துவைத்துக்கொண்டு அழைப்பை அனுப்பினார். ஜனவரி பதினான்கு, சாய்ந்தமருது நேரம் மாலை நான்கு மணி. அசர் தொழுது முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம். கிறெக்கின் ஊரில் அப்போது இரவு இரண்டரை.

ஏதோ பிழை நடந்திருக்கிறது, இது நள்ளிரவுக்குப் பிந்திய நேரம் என்று மெலனி எழுதினார். நேரத்தைக் குறிப்பிடுவது அநாகரிகம், விதி பத்தொன்பது, இந்த முறை புள்ளி குறைக்கவில்லை என்று ஜவுபர் பதில் எழுதினார். கிறெக் சட்டப் பிரிவுக்குப் போனார். கண்ணாடிப் பெண்மணி மூன்று நாள் படித்துவிட்டு, விதி செல்லும் என்றார், அதை ஆக்கிக் கையொப்பமிட்டவர் தாங்களே என்றும் நினைவூட்டினார். அப்படியானால் விதியை மாற்றுவோம் என்றார் கிறெக். மாற்றலாம், அதற்கொரு கூட்டம் கூட்ட வேண்டும், கூட்டுபவர் நேர ஒருங்கிணைப்பாளர் என்றார் பெண்மணி.

ஜனவரி பதினான்கு அன்று ஜவுபர் நான்கு இருபத்தைந்துக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு கையில் தேத்தண்ணி, முன்னால் ஒரு தட்டு வடை. கெமராவுக்குப் படாத பக்கத்தில் கதிரை போட்டு றஊப் ஹாஜியார் இருந்தார். திரையில் கிறெக் மட்டும். மெலனிக்குச் சுகமில்லை என்று துண்டு வந்திருந்தது. இருபத்தைந்து நிமிடம் காத்திருந்த புன்னகை கிறெக்கின் முகத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

“காலை வணக்கம்” என்றார் கிறெக்.

“மாலை வணக்கம். விதி ஏழு, இரண்டு புள்ளி. உங்கள் நேரத்தை நாங்கள் மதிக்கிறோம். அதனால்தான் எனது தேத்தண்ணி வேளையை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.” ஜவுபர் வடையைக் கடித்தார். சாவகாசமாக மென்றார். “உங்களுக்குப் பின்னால் ஜன்னல் கறுப்பாக இருக்கிறது. எனக்கும் இதயம் இருக்கிறது. அதைப் பார்க்க என்னால் தாங்க முடியாது.”

கிறெக் எழுந்தார். ஒவ்வொரு அறையாகப் போய் லைட் போட்டார். முற்றத்து லைட்டும் போடச் சொன்னார் ஜவுபர். கதவையும் திறந்துவைக்கச் சொன்னார். வீடு பளீரென்று ஆனது. கிறெக்குக்குப் பின்னால் பெரிய ஹோல், அகலமான வாசல், அதற்கப்பால் வெளிச்சம் விழுந்த வெறும் தெரு.

அரை மணித்தியாலம் கேள்விகள் போயின. நாச்சியா மாமி ஹாஜியாருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“அந்த ஊட்டுல யாரு மௌத்து?” என்று கேட்டார் மெதுவாக.

“ஒருத்தருமில்ல மாமி” என்றார் ஜவுபர், தன் பக்கத்து ஒலியை மூடிவிட்டு.

“இவ்வளவு வெளிச்சமாக் கிடக்கு, வாசலும் துறந்து கிடக்கு. ஒரு சனமும் வரல்லயே.”

மூன்று பேரும் அந்த வாசலையே பார்த்தார்கள். ஹாஜியார் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. தூரத்தில் ஒரு வாகனம் மட்டும் நிற்காமல் போனது.

“அவன் மௌத்தாப் போனாலும் விடியுமட்டும் ஒருத்தனும் வரமாட்டான் போல” என்றார் ஹாஜியார்.

“பாவம்” என்றார் மாமி.

ஜவுபருக்கும் பாவமாகத்தான் இருந்தது. உண்மையாகவே இருந்தது. இந்த மட்டில் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அந்த நேரம் பார்த்துக் கிறெக் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார், மறைக்கவும் இல்லை. ஜவுபர் பேனாவை எடுத்து இரண்டு புள்ளி குறைத்தார். ஒலியைத் திறந்தார்.

“கேள்வி பதினேழு” என்றார். “அழுத்தமான ஒரு சூழ்நிலையில் நீங்கள் வேலை செய்ததற்கு உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.”